நிலம் அதிர்ந்தபோது விழுந்த கோல்

எங்கள் கல்லூரி மைதானத்தில் விழுந்து, தோல் முழுமையாக எழுந்தவன் ஒருவனும் இல்லை. இதனைப் பெருமையாகச் சொல்வோரும் உண்டு. பழியாகச் சொல்வோரும் உண்டு. நான் உள்ளதை உள்ளபடியே எழுத முற்படுகிறேன்.

கோலார் தங்கவயல் இயல்பிலேயே உயர்ந்த மேட்டு நிலம். அம்மேட்டின்மேல் இன்னுமொரு மேடாக, நந்திதுர்க் பக்கம், மூடப்பட்ட சுரங்கத்தின் ஓரத்தில் எங்கள் சிறிய கல்லூரி நிற்கிறது. காலையில் பனிக்காற்று முகத்தை அறுக்கும். மாலையில் சயனைடு மேட்டிலிருந்து வெண்தூசி எழுந்து கண்ணை அறுக்கும். பொன்னைப் பிரித்தெடுத்தபின் கொட்டிய மண், மலைமலையாய்க் குவிந்து கிடக்கும் ஊர் இது. அம்மண்ணும் பாறைத்தூளும் கலந்து இறுகிய தரையிலேதான் எங்கள் பிள்ளைகள் ஹாக்கி ஆடுகின்றனர். அதில் புல் முளைத்ததே இல்லை. விழுந்தவனுடைய முழங்கால் தேங்காய் துருவினாற்போல் துருவப்படும். புண்ணில் அந்த மண் ஏறிவிட்டால், அது ஆறுவதற்குள் அடுத்த ஆட்டம் வந்துவிடும்.

ஏனைய வசதிகளும் அவ்வண்ணமே. உடை மாற்றும் அறை, முன்பு தொழிலாளருக்கு விளக்குக் கொடுத்த லேம்ப் ரூம். அதன் சுவரில் விளக்கு மாட்டிய கொக்கிகள் இன்னும் நீட்டிக்கொண்டிருக்கின்றன. சட்டையைக் கழற்றிக் கையை வீசுகிற பையன்களின் மண்டையை அவை பலமுறை பதம்பார்த்துள்ளன. உடற்பயிற்சிக் கூடம் என்பது, சுரங்கத்துக்குக் காற்றை அழுத்தி அனுப்பிய பழைய கம்ப்ரெஸர் ஹவுஸ். அங்கே பளு தூக்குவதற்கு வைத்திருப்பவை, பாறை ஏற்றிச் சென்ற டிராம் வண்டிகளின் சக்கரங்கள். ஒரு சக்கரம் நழுவி ஒரு மாணவனின் கால் கட்டைவிரலைக் கூழாக்கிய பின்னும் அவற்றை மாற்ற எவரும் முன்வரவில்லை. கோல் கம்பங்கள் துளைபோடும் இயந்திரத்தின் இரும்புக் குழாய்கள். கோலின் பின்பலகை, பூமிக்கடியில் முட்டுக் கொடுத்த மரத்தை அறுத்துச் செய்தது. பந்து அதில் பட்டால் துப்பாக்கி வெடித்தாற்போல் ஓசை எழும்.

நான் பூமிக்கடியில் அந்த முட்டு மரங்களை நிறுத்தும் கூட்டத்தில் வேலை பார்த்தவன். ஷிப்ட் முடிந்து மேலே வந்ததும் ஸ்டிக்கைப் பிடித்தவன். சுரங்கம் மூடியபின் கல்லூரியில் மைதானத்தைப் பார்த்துக்கொள்ளச் சேர்ந்தேன். விதிப்புத்தகத்தை எழுத்துக்கூட்டிப் படித்துத் தேர்வெழுதி அம்பயர் ஆனேன். என் விசிலுக்கு இம்மைதானத்தில் ஒரு மதிப்பு இருந்தது. அதனை இழந்த பிற்பகலைப் பற்றியே இங்கு எழுதுகிறேன்.

அதற்குமுன் எங்கள் வழக்கமொன்றை விளக்க வேண்டும். ஆழத்தில் பாறை தானே வெடித்துச் சிதறுவதை இங்கே ஏர்பிளாஸ்ட் என்பார்கள். சுரங்கம் நடந்த நாளில், மேலே தரை அதிர்ந்தால் கீழே யாரேனும் நசுங்கியிருக்கக் கூடும் என்று பொருள். ஆகவே ஆட்டத்தின் நடுவே அதிர்ந்தால், விளையாடுகிறவர்கள் நின்ற இடத்தில் நின்றுவிடுவார்கள். ஸ்டிக்கைத் தரையில் தாழ்த்தி, சுரங்க வாயான ஷாஃப்ட் இருக்கும் திசைக்கு முகத்தைத் திருப்பி, ஆபத்துச் சங்கு ஊதுகிறதா என்று மூச்சைப் பிடித்துக் கேட்பார்கள். ஊதினால் ஆட்டம் அத்துடன் முடிந்தது. எல்லோரும் ஷாஃப்டை நோக்கி ஓடுவோம். ஊதாவிட்டால், பந்து கிடந்த இடத்திலிருந்தே ஆட்டம் தொடரும். இன்று கீழே ஆள் இல்லை, நீர்தான் நிரம்பியிருக்கிறது. ஊதுவதற்குச் சங்கும் இல்லை. ஆயினும் எப்போதாவது பாறை வெடிக்கிறது. எப்போது வெடித்தாலும் நிற்கிறோம். ஆளிறக்கும் கூண்டான கேஜில் ஏறி ஒருநாளும் கீழே இறங்காத பிள்ளைகளும் நிற்கிறார்கள். நில் என்று எவரும் அவர்களுக்குச் சொன்னதில்லை. பெரியவர்கள் நிற்பதைப் பார்த்து நின்றார்கள்.

கல்லூரி ஆண்டுதோறும் ஒரு கோப்பைக்காக வெளியூர் அணிகளை அழைக்கும். அவ்வாண்டு இறுதி ஆட்டத்தில் எங்களை எதிர்த்தது சென்னையிலிருந்து வந்த ஒரு கல்லூரி. முந்திய ஆண்டு கோப்பை எங்களுடையது. ஆட்டம் சமமாக முடிந்தால் அது எங்களிடமே தங்கும் என்பது ஏற்பாடு. ஆண்டர்சன்பேட்டையிலிருந்தும் சாம்பியன் ரீப்ஸிலிருந்தும் ஓய்வூதியக்காரர்கள் வந்து மதிற்சுவரின்மேல் காக்கைகளைப் போல் வரிசையாக அமர்ந்திருந்தனர். மைதானத்தின் ஒரு பாதி என் பொறுப்பு. மறுபாதி வெளியூரிலிருந்து வந்த இன்னொரு அம்பயருடையது.

கடலோரத்துப் பிள்ளைகளுக்கு எங்கள் மேட்டுக் காற்று ஒத்துவரவில்லை. கால் மணி ஆடியதும் இடுப்பில் கை வைத்து நின்றார்கள்.

"இன்னாடா, மெட்ராஸ் மீனு மூச்சு வாங்குது! எவனாவது தண்ணியில வுடுங்கடா!" என்று சுவரிலிருந்து ஒரு குரல் எழுந்தது.

அவர்களுடைய சென்டர் ஃபார்வர்ட், ஒல்லியான நெட்டைப் பையன், திரும்பிப் பார்த்துச் சிரித்தான். "மீனு கடிச்சாத்தான் தெரியும் பெரிசு!" என்றான். சுவர் முழுவதும் சிரித்தது. அன்றைய பகலின் கடைசிச் சிரிப்பு அதுவாகவே இருந்தது.

அதன்பின் நடந்தது ஆட்டம் அன்று, அடிதடி. எங்கள் ஹாஃப் பேக் அந்த நெட்டையனின் கணுக்காலைக் குறிவைத்து வீசினான். எலும்பில் மரம் படும் ஓசை எனக்குத் தெளிவாகக் கேட்டது. பையன் விழுந்தான், உருண்டான், எழுந்தான். இரு முழங்கால்களிலும் இரத்தத்தில் வெண்மண் ஒட்டியிருந்தது. நான் விசில் அடித்து மஞ்சள் அட்டையை உயர்த்தி, ஹாஃப் பேக்கை ஐந்து நிமிடம் வெளியே அனுப்பினேன்.

"அட்டைய மடிச்சு பாக்கெட்ல வையி பெரியவரே, சினிமா டிக்கெட்டா அது?" என்று சுவர் கத்தியது.

அவர்களும் சும்மா இருக்கவில்லை. அவர்களுடைய தடுப்பாட்டக்காரன் ஒருவன் எங்கள் ஃபுல் பேக்கின் வாயில் முழங்கையால் இடித்தான். ஃபுல் பேக் தரையைத் தடவிப் பொறுக்கி, உள்ளங்கையை என் முகத்துக்கு நேரே நீட்டினான். "பாருங்க நைனா, பல்லு" என்றான். இம்மைதானத்துப் பிள்ளைகள் எல்லோருக்கும் நான் நைனாதான். அவன் உதட்டிலிருந்து வடிந்த இரத்தம் மோவாயில் கோடிட்டிருந்தது. இடித்தவனையும் வெளியே அனுப்பினேன். ஃபுல் பேக் அந்தப் பல்லைக் காலுறைக்குள் போட்டுக்கொண்டு ஆடத் தொடங்கினான். அவனுடைய தாத்தா ஏர்பிளாஸ்டில் சிக்கிய சுரங்க லெவலைப் பிணத்தோடேயே அடைத்துவிட்டார்கள் என்பது ஊரறிந்த செய்தி. எரிக்கவும் புதைக்கவும் அக்குடும்பத்துக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

இரு தரப்பும் தலா ஒரு கோல் போட்டிருந்தன. முடிய இன்னும் சிறிது நேரமே இருந்தது. நெட்டையன் நொண்டிக்கொண்டே ஆடினான். அடிக்கிற ஒவ்வொருவனுக்கும் அவனே இலக்கு. விலாவில் ஒன்று, தொடையில் ஒன்று. ஆயினும் பந்து அவனைத் தேடியே சென்றது. கடைசியில் அவன் நடுக்கோட்டிலிருந்து பந்தை எடுத்து, இருவரை ஏமாற்றி, என் பாதியில் நுழைந்து, 'டி' வட்டத்தின் விளிம்புக்கு வந்தான். அவனுக்கும் கோலுக்கும் நடுவே ஃபுல் பேக்கும் கோல்கீப்பரும் மட்டுமே இருந்தார்கள்.

அப்பொழுது நிலம் அதிர்ந்தது.

முதலில் உள்ளங்காலில், பிறகு காதில். லேம்ப் ரூமின் தகரக் கூரை கடகடவென்று நடுங்கியது. எங்கள் பிள்ளைகள் பதினொருவரும் நின்றார்கள். ஸ்டிக்குகள் தாழ்ந்தன. கோல்கீப்பர் பந்தை விட்டு முகத்தைத் திருப்பி, ஷாஃப்டின்மேல் துருப்பிடித்து நிற்கும் இரும்புக் கோபுரத்தைப் பார்த்தான். சுவரின்மேல் இருந்தவர்கள் தலைத்துண்டை எடுத்தார்கள். நானும் நின்றேன். விசில் என் உதட்டிலேயே இருந்தது. ஆனால் அத்தருணத்தில் மூச்சைப் பிடிக்கத்தான் என் உடல் அறியும், ஊத அறியாது.

"இன்னாடா, பூகம்பமா?" என்று சென்னைப் பையன் ஒருவன் கேட்டது அந்த அமைதியில் தனித்துக் கேட்டது. நெட்டையன் மட்டும் நிற்கவில்லை. சிலையாய் நின்ற ஃபுல் பேக்கின் தோளை உரசிக்கொண்டு கடந்து, ஓங்கி அடித்தான். பந்து பின்பலகையில் வெடித்தது. ஊரே மூச்சடக்கி நின்ற அந்நேரத்தில் அவன் ஸ்டிக்கைத் தலைக்குமேல் சுழற்றி, ஊளையிட்டுக்கொண்டு ஓடினான்.

ஃபுல் பேக் திரும்பியதை நான் பார்த்தேன். அவன் முகத்தில் கோபம் இருந்ததென்று சொல்லமாட்டேன்; ஒன்றுமே இல்லை. இரு கைகளாலும் ஸ்டிக்கைப் பிடித்துத் தோளுக்குமேல் உயர்த்தி, விறகு பிளப்பவனைப் போல் இறக்கினான். அது நெட்டையனின் தாடையில் விழுந்தது. ஊளை பாதியில் அறுந்தது. பையன் முழங்காலில் சரிந்து, பிறகு முகம் குப்புற விழுந்தான். அவன் தலையைச் சுற்றி வெண்மண் சிவந்துகொண்டே விரிந்தது.

சுவரிலிருந்து ஆட்கள் குதித்தார்கள். கிழவர்கள் அத்தனை விரைவாய்க் குதிப்பார்களென்று நான் எண்ணியதில்லை. கற்கள் பறந்தன. சென்னை அணியின் கோல்கீப்பர் கால் பேடைக் கழற்றிக் கேடயமாய்ப் பிடித்தான். அவன் தலைக்கவசத்தில் கல் பட்டுப் பட்டுத் தெறித்தது. ஒருவனைக் கொடிக்கம்பத்தோடு சேர்த்துப் பிடித்து வயிற்றில் குத்தினார்கள். இன்னொருவனின் சட்டை கிழிந்து முதுகில் ஸ்டிக்கின் தடம் எழுந்தது. மறுபாதி அம்பயர் லேம்ப் ரூமுக்குள் ஓடித் தாழிட்டுக்கொண்டார். சென்னை அணியின் பயிற்சியாளர் விழுந்து கிடந்த பையன்மேல் தம் உடலைக் கவிழ்த்துப் படுத்தார். பையனுக்கு விழவேண்டிய உதைகள் அவர் விலாவில் விழுந்தன.

நான் அவ்விருவருக்கும் மேலே கால்களை அகட்டி நின்றேன். என்னைத் தள்ள எவருக்கும் அப்போது துணிவு வரவில்லை. ஆனால் சுற்றி வளைத்தார்கள். முன்னால் வந்து என் காலரைப் பற்றியவர், என்னோடு பூமிக்கடியில் ஒரே மரத்தின் மறுமுனையைத் தூக்கிய தோழர்.

"இன்னாய்யா பாத்துக்கினு நிக்கிற? கோல் இல்லன்னு கைய ஆட்டு" என்றார்.

"ஆம்பளைங்களா நீங்க? ஒரு பையன் சாவக் கிடக்கிறான், தள்ளிப் போங்க."

"நீ சொல்லு, நாங்க போறோம். ஆட்டம் நின்னு போச்சுய்யா. அதுக்கப்புறம் அடிச்சது கோலா?"

"நான் விசில் அடிச்சனா?"

"நீ நின்ன. அதான் விசிலு. நின்னியா இல்லியா, சொல்லு!"

அவர் சொன்னது பொய்யன்று. அந்த மண்ணில் நான் நிற்பதும் ஆட்டம் நிற்பதும் ஒன்றே. ஒரு மணி நேரம் முன்பு எவரேனும் கேட்டிருந்தால் நானும் அதையே சொல்லியிருப்பேன்.

காலடியிலிருந்து பயிற்சியாளர் என் காற்சட்டையைப் பிடித்து இழுத்தார். அவருடைய ஒரு கண் வீங்கி மூடியிருந்தது. "சார், கோல் இல்லன்னு சொல்லிடுங்க சார். எங்களுக்குக் கோப்பையே வேணாம். பசங்கள உயிரோட கூட்டினு போனாப் போதும்."

"பாரு, அவங்களே வேணாம்ன்றாங்க!" என்றது கூட்டம்.

ஃபுல் பேக் இரத்தம் படிந்த ஸ்டிக்குடன் நின்றுகொண்டிருந்தான். "சொல்லு நைனா," என்றான். "எங்க தாத்தா கீழயே கீறாரு. அவரு தலைமேல ஓடிப்போய் கோல் போட்டுட்டு ஊள வுடுறான். இத நீ கோலுன்றியா?"

இரு கைகளைக் குறுக்கே வீசினால் போதும்; பதினாறு பதினேழு பேர் உதைபடாமல் பேருந்தில் ஏறிவிடுவார்கள். எங்கள் கோப்பை எங்களிடம் தங்கும். வழக்கமும் காப்பாற்றப்படும். எவருக்கும் நட்டமில்லை, கீழே கிடப்பவன் ஒருவனைத் தவிர. அவனோ நினைவோடுதான் இருந்தான். தாடை ஒரு பக்கமாய் விலகித் தொங்க, மண்ணில் கன்னத்தை வைத்து, ஒரு கண்ணால் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் வலிக்கு உதவி கேட்கவில்லை, தீர்ப்பைத்தான் எதிர்பார்த்தான். அது எனக்குத் தெரிந்தது. ஆட்டம் முழுவதும் அவன் வாங்கிய அடி அத்தனையும் அந்த ஒரு பந்துக்காகத்தான்.

அவனை எவரும் தொடாதிருந்தால், இரு அணித் தலைவர்களையும் அழைத்து எங்கள் வழக்கத்தைச் சொல்லி, பந்தை மீண்டும் வட்ட விளிம்பில் வைத்திருப்பேன். அவனும் ஒப்பியிருக்கலாம். ஆனால் எலும்பு முறிந்தபின் கேட்கப்படும் நியாயம், நியாயமாகவே இருந்தாலும், மிரட்டலாகிவிடுகிறது. இன்று அந்தக் கோலை மறுத்தால், அதனை மறுத்தது நானாக இருக்கமாட்டேன். அந்த ஸ்டிக்காகவே இருக்கும்.

"விசில் இல்ல. கோல்தான்" என்றேன். சொன்னதோடு, விதிப்படி இரு கைகளையும் மைதானத்தின் நடுப்புள்ளியை நோக்கி நீட்டினேன்.

நீட்டிய கையின்மேல் ஸ்டிக் இறங்கியது. அடித்தது ஃபுல் பேக் அல்லன், என் தோழர்தான். எவன் கையிலிருந்தோ பறித்து அடித்தார். முன்கை எலும்பு ஒடிந்ததை வலிக்கு முன்பாகவே உணர்ந்தேன்; கை என்னுடையது இல்லை என்பதைப் போல் தொங்கியது. "துரோகி!" என்று எவரோ என் முகத்தில் துப்பினார். விசில் கயிற்றைப் பின்னாலிருந்து இழுத்தார்கள். அது கழுத்தை அறுத்துக்கொண்டு அறுந்தது. முதுகில் ஒன்று, செவியில் ஒன்று. விழாமலிருக்க மட்டுமே முயன்றேன். விழுந்தால் பையன்மேல் விழுவேன்.

அவர்கள் என்னை அடிப்பதில் முனைந்திருந்த அந்த இடைவெளியிலேயே சென்னைப் பிள்ளைகள் ஒன்றுகூடினார்கள். ஸ்டிக்குகளை வெளிப்புறம் நீட்டி வளையமாக நின்றார்கள். பயிற்சியாளரும் இன்னொருவனும் நெட்டையனைத் தூக்க, என்னையும் வளையத்துக்குள் இழுத்துக்கொண்டார்கள். கோல்கீப்பர் முன்னே பேடைப் பிடித்து நடந்தான். நெருங்கியவர்களை அவர்கள் அடித்தார்கள், கருணையின்றி அடித்தார்கள். ஒரு கிழவரின் மூக்கு உடைந்ததை நான் பார்த்தேன். தடுக்க எனக்குக் கையில்லை. பேருந்தின் கண்ணாடிகள் ஒவ்வொன்றாய் நொறுங்க, இருக்கைகளுக்குக் கீழே படுத்தபடி வெளியேறினோம். போலீஸ் வந்தது அதன்பின்தான். வந்தவர்கள் தடியால் அடித்தது, சுவரைவிட்டு இறங்கவே முடியாத முதியவர்களை என்று பின்னர் அறிந்தேன்.

மருத்துவமனையில் என்னையும் பையனையும் ஒரே பெஞ்சில் உட்கார வைத்தார்கள். அவன் தாடையைத் தலையோடு சேர்த்துத் துணியால் கட்டியிருந்தார்கள். எலும்பைச் சரிசெய்ய அங்கே வசதியில்லை. கோலாருக்குக் கொண்டுபோக ஆம்புலன்ஸ் வரவேண்டும். என் கை அட்டையில் வைத்துக் கட்டப்பட்டிருந்தது. பயிற்சியாளர் எங்கள்முன் தரையில் அமர்ந்து, வீங்கிய கண்ணில் ஈரத்துணியை அழுத்திக்கொண்டிருந்தார்.

"ஒண்ணு கேக்குறேன் சார். எல்லாரும் ஏன் அப்படி நின்னுட்டாங்க?"

சொன்னேன். ஏர்பிளாஸ்டையும், சங்கையும், ஃபுல் பேக்கின் தாத்தாவையும் சொன்னேன்.

அவர் துணியைப் புரட்டி மறுபடி கண்ணில் அழுத்தினார். பிறகு, "ஆட்டம் ஆரம்பிக்கும்போதே ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா சார்?" என்றார்.

"எழவு வீட்ல சிரிக்காதீங்கன்னு வர்றவங்ககிட்ட யாருங்க சொல்லி அனுப்புவாங்க?" என்றேன். அந்த விடை அவருக்குப் போதவில்லை என்பது தெரிந்தது.

பையன் கேட்டுக்கொண்டிருந்தான். கையை உயர்த்தி என் தோளைத் தட்டினான். ஒரு விரலை நீட்டிப் புருவத்தை ஏற்றினான்.

"கோல்தான் தம்பி," என்றேன். "மாத்தமாட்டேன்."

அவன் தலையை அசைத்தான். பின்பு தன் கண்ணைத் தொட்டுக் காட்டினான். இரண்டு விரல்களைப் பெஞ்சின்மேல் ஆள் நிற்பதுபோல் அசையாமல் ஊன்றினான். மறு கையால் பந்தை அடிப்பதுபோல் வீசினான். மறுபடியும் கண்ணைத் தொட்டான்.

பயிற்சியாளர் துணியைக் கீழே வைத்தார். "நின்னத பாத்துட்டுதான் அடிச்சேன்றான் சார்" என்றார் மெல்ல.

பையன் கண்களை விலக்கவில்லை. எங்கள் பிள்ளைகள் ஏதோ ஒன்றுக்காக நிற்கிறார்கள் என்று அவன் அறிந்தான், எதற்கென்று அறியவில்லை, அறியக் காத்திருக்கவும் இல்லை. என் ஒடிந்த கை அப்போதுதான் உண்மையில் வலிக்கத் தொடங்கியது. என் தோழரின் முகமும், உள்ளங்கையில் பல்லை ஏந்திய ஃபுல் பேக்கின் முகமும் கண்முன் வந்தன. நான் நீட்டிய கையை மனத்துக்குள் மடக்க முயன்று பார்த்தேன். மடங்கவில்லை.

"விசில் கேக்காத வரைக்கும் ஆடணும். அதான் ஆட்டம்," என்றேன். "நீ ஆடுன. கோல்தான்."

அவன் சிரிக்க முயன்றிருக்க வேண்டும். கட்டுக்குள் ஏதோ நகர்ந்தது. தொண்டையிலிருந்து ஒரு சத்தம் எழுந்து, துணியின் ஓரமெல்லாம் புது இரத்தம் ஊறியது. பயிற்சியாளர் நர்ஸைக் கூவியபடி ஓடினார். பையன் முன்பக்கமாய்ச் சாய்ந்தான். எஞ்சிய ஒற்றைக் கையால் அவன் நெற்றியைத் தாங்கி, இரத்தம் தொண்டைக்குள் இறங்காதபடி தலையைக் குனிய வைத்துப் பிடித்துக்கொண்டேன். ஆம்புலன்ஸ் வரும்வரை அவன் என் சட்டையில் துப்பிக்கொண்டே இருந்தான்.